சைமன் சுந்தரராஜ்: ஒலிம்பிக் கோலும் கேரளத்தின் முதல் கோப்பையும்

சைமன் சுந்தரராஜ் இந்தியக் கால்பந்து அணியின் முன்கள வீரர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். 1973இல் கேரள மாநில அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தார்.

இந்த இரண்டு செய்திகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே சொல்லப்படுகின்றன. ஒலிம்பிக் வரலாறு எழுதுபவர்கள் முதல் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். கேரளக் கால்பந்து பற்றி எழுதுபவர்கள் இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில்தான் இந்தியக் கால்பந்தில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. ஒரே பயிற்சியாளரிடம் பயின்ற ஒரு தலைமுறை, ஆட்டத்தை முடித்துக்கொண்டு நாட்டின் பல மூலைகளுக்கும் பயிற்சியாளர்களாகச் சென்றது. சைமன் சுந்தரராஜின் வாழ்க்கையை அந்தத் தலைமுறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும்.

நான்கு ஒலிம்பிக், பத்து கோல்கள்

இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது நான்கு முறைதான்: 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன், 1960 ரோம். அதற்குப் பிறகு இன்றுவரை தகுதி பெறவில்லை. இந்த நான்கு போட்டிகளிலும் சேர்த்து இந்தியா அடித்த கோல்கள் மொத்தம் பத்து.

முதல் கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். 1948 ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சுக்கு எதிராக அந்தக் கோல் விழுந்தது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் அன்று காலணி இல்லாமல் ஆடினார்கள். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டு 1–2 என்று தோற்றார்கள். 1952இல் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்ற பெருந்தோல்வி. வெறுங்காலோடு ஆடும் பழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. 1956இல் நிலைமை தலைகீழாக மாறியது. நெவில் டிசோசாவின் மூன்று கோல்களுடன் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1–4 என்றும், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3 என்றும் தோற்று நான்காம் இடம் பெற்றது.

நான்கே ஆண்டுகளில் பத்து கோல் வாங்கிய அணி அரையிறுதிக்கு வந்ததற்குக் காலணி மட்டும் காரணமல்ல. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் என்ற பயிற்சியாளரே முதன்மைக் காரணம்.

ரஹீமின் பள்ளி

ரஹீம் தொழிலால் ஆசிரியர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியளித்தவர். அவருடைய அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. ஹைதராபாத்தில் அவர் நடத்திய போட்டிகள் விசித்திரமானவை. ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமான காலால் உதைக்கக் கூடாது. வலக்காலர் இடக்காலாலும், இடக்காலர் வலக்காலாலும் ஆட வேண்டும். பார்ப்பவருக்கு இது விளையாட்டுத்தனமாகத் தோன்றும். உண்மையில், தனித்திறமையைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் ஆட்டத்தைக் குழுவாகப் பந்தைக் கடத்தும் ஆட்டமாக மாற்றும் வழி அது. முன்களத்தில் நால்வர், நடுவில் இருவர், பின்னால் நால்வர் என்ற அமைப்பை இந்திய அணிக்குப் பழக்கியவரும் அவரே.

இந்தப் பள்ளியில் தமிழ் வேர் கொண்டவர்கள் பலர் இருந்தார்கள். செகந்திராபாத் படைமுகாமை ஒட்டிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. துளசிதாஸ் பலராம் அப்படிப்பட்ட ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் 1936இல் அம்முகுடாவில் பிறந்தார். கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணிக்கு ஆடினார். முதலில் முன்கள வீரராக இருந்து பிறகு கோல் கம்பங்களுக்கு நடுவே சென்றவர். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. வெலிங்டனில் பயிற்சி எடுக்கும் ஒரு படைப்பிரிவு அணி டெல்லியில் போய் நாட்டின் மிகப் பழைய கோப்பையை இருமுறை தூக்கியது என்பது தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

1960இல் ரஹீம் ரோமுக்கு அழைத்துச் சென்ற அணியில் தங்கராஜ், பலராம், சைமன் சுந்தரராஜ் மூவரும் இருந்தார்கள். அணித்தலைவர் பி.கே. பானர்ஜி.

ரோம், 1960

இந்தியா இடம்பெற்ற பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய நாடுகள் இருந்தன. பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே அரையிறுதிக்குச் செல்ல முடியும். அதனால் இரண்டாம் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை.

முதல் ஆட்டத்தில் ஹங்கேரியிடம் இந்தியா 1–2 என்று தோற்றது. இந்தியாவின் கோலை 79ஆவது நிமிடத்தில் பலராம் அடித்தார். அதே ஹங்கேரி பிரான்சுக்கு எதிராக 7 கோல்களும் பெருவுக்கு எதிராக 6 கோல்களும் போட்டது என்பதை நினைவில் கொண்டால் இந்தத் தோல்வியின் மதிப்பு புரியும். இரண்டாவது ஆட்டத்தில் பானர்ஜியின் கோலால் பிரான்சுக்கு எதிராக இந்தியா முன்னிலை பெற்றது. கடைசிப் பத்து நிமிடங்கள் நெருங்கும்போது பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. 1–1.

மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 1 அன்று பெஸ்காரா நகரில் பெருவுக்கு எதிராக நடந்தது. ஒரே ஒரு புள்ளியுடன் இருந்த இந்தியாவால் இனி முதலிடம் பெற முடியாது. பெரு மூன்று கோல்கள் அடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியா ஒரு கோல் திருப்பியது. அந்தக் கோலால் எதுவும் மாறவில்லை. 1–3 என்று தோற்று, பிரிவில் கடைசி இடத்துடன் அணி ஊர் திரும்பியது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அடுத்த ஒலிம்பிக் வரும், அதற்கடுத்ததும் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் வரவில்லை. ஒலிம்பிக்கில் இந்தியாவின் பத்தாவது கோல், கடைசிக் கோலாகவே நின்றுவிட்டது.

அந்தக் கோலை அடித்தவர் யார் என்பதில் பதிவுகள் ஒத்துப்போகவில்லை. இந்தியக் கால்பந்து பற்றிய எழுத்துகளில் சைமன் சுந்தரராஜின் பெயர் வழங்குகிறது. அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் பல அவரை ‘ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோலை அடித்தவர்’ என்றே சொல்கின்றன. ஆனால் ஆட்ட முடிவுகளைத் தொகுக்கும் சில பட்டியல்களில் அதே கோல் பலராமின் கணக்கில் இருக்கிறது. ஒளிப்பதிவு எளிதில் கிடைக்காத காலத்தில், வேற்றுமொழி நிருபர்கள் காகிதத்தில் குறித்த பெயர்களில் இப்படிக் குழப்பம் நேர்வது அரிதல்ல. இருவருமே முன்கள வீரர்கள். முதல் ஆட்டத்திலேயே கோலடித்திருந்த பலராம் அணியில் அதிகம் அறியப்பட்டவர். அறியப்பட்ட பெயரை நோக்கிப் பதிவு சாய்வது இயல்பு. இந்திய மரபு தொடர்ந்து சைமன் சுந்தரராஜையே சொல்லி வருவதால், இக்கட்டுரை அதையே ஏற்றுக்கொள்கிறது.

மாணவர்களுக்கு இதில் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு கோலுக்கே இரண்டு பெயர்கள் பதிவாகின்றன என்றால், கோல் கணக்கே இல்லாத ஒரு வேலையைச் செய்தவரின் பங்கு எப்படிப் பதிவாகும்?

ஆடியவர் எப்படிப் பயிற்சியாளர் ஆனார்?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் அணி தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் பெற்றது. பலராம் அந்த அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்துக்குக் கோல்காப்பாளராகத் தங்கராஜை ரஹீம் இறக்கினார். அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்த ரஹீம் 1963 ஜூனில் காலமானார். அவர் இடத்தை நிரப்ப ஒருவர் இல்லை. ஆனால் அவரிடம் பயின்றவர்கள் இருபது முப்பது பேர் இருந்தார்கள்.

அக்காலத்தில் கால்பந்து ஆடிப் பிழைப்பு நடத்த முடியாது. ராணுவம், ரயில்வே, காவல்துறை, துறைமுகம், ஆலை என்று ஏதேனும் ஓரிடத்தில் வேலை கிடைக்கும்; அந்த வேலைக்காக அந்த நிறுவனத்தின் அணியில் ஆட வேண்டும். கால் தளர்ந்த பிறகும் மாதச் சம்பளம் வரும். பயிற்சியாளர் பணியும் இப்படித்தான் அமைந்தது. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்ட பிறகுதான் பயிற்சியாளர்களுக்கென்று முறையான பட்டயப் படிப்பு வந்தது. அதற்கு முன்பு ஒருவருக்கு இருந்த ஒரே தகுதிச் சான்று, அவர் யாரிடம் ஆடினார் என்பதுதான்.

ரோம் அணியினர் சென்ற திசைகளைப் பாருங்கள். பானர்ஜி 1972இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் பயிற்சியாளராகி, 1970களின் மிகப் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். அருண் கோஷ் இந்திய அணிக்கே பயிற்சியளித்தார். தங்கராஜ் 1971இல் ஓய்வுபெற்ற பின் கோவாவின் வாஸ்கோ அணிக்குப் பயிற்சியளித்தார். பிற்காலத்தில் பொகாரோ உருக்காலை நகரில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பித்து, 2008இல் அங்கேயே காலமானார்.

பலராமின் கதை வேறு. 1961இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்குத் தலைமை தாங்கிக் கொல்கத்தா லீக்கை வென்றுகொடுத்த அவர், நுரையீரல் நோயால் 1963இலேயே, 27 வயதுக்குள், ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. ரயில்வே வேலை அவரைக் காப்பாற்றியது. பின்னர் ஸ்வீடனின் கோதியா கோப்பை இளையோர் போட்டிக்குச் சென்ற கொல்கத்தா மேயர் அணியின் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்தார். பெரிய அணி எதுவும் அவரிடம் நெடுங்காலம் ஒப்படைக்கப்படவில்லை. தான் உழைத்த கழகம் தன்னை மறந்துவிட்டது என்ற மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் மறைந்தார்.

சைமன் சுந்தரராஜின் பாதை தெற்கே, கேரளத்துக்குச் சென்றது.

எர்ணாகுளம், 1973

சந்தோஷ் கோப்பை 1941 முதல் நடக்கும் தேசிய சாம்பியன் போட்டி. பெயரைக் கேட்டு ‘மகிழ்ச்சிக் கோப்பை’ என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் சந்தோஷ் என்பது இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஓர் ஊர். அவ்வூர் ஜமீன்தாராக இருந்தவரின் நினைவாகக் கோப்பைக்கு அப்பெயர் வந்தது. மாநில அணிகளோடு ரயில்வே, ராணுவ அணிகளும் இதில் ஆடும். வங்காளமே கோப்பையை அதிகம் வென்றுவந்தது.

கேரளத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கோழிக்கோட்டில் நாக்ஜி போட்டி 1950களிலிருந்து நடந்துவந்தது. ஆலுவா அருகே ஃபாக்ட் உர ஆலை, களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், திருவனந்தபுரத்தில் டைட்டானியம் என்று ஆலைதோறும் அணிகள் இருந்தன. கண்ணூர் முதல் கொல்லம் வரை ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாயகன் இருந்தான். ஆனால் மாநிலம் உருவாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியும் தேசியக் கோப்பை கிடைக்கவில்லை. திறமை ஆலைகளிலும் ஊர்களிலும் சிதறிக் கிடந்தது. ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் வீரர்களைச் சில வார முகாமில் ஓரணியாக்க வேண்டும். மாநில அணிப் பயிற்சியாளரின் வேலையே அதுதான். யாரை எடுப்பது என்பதைவிட, புகழ்பெற்ற யாரை வெளியே உட்கார வைப்பது என்பதுதான் அதில் கடினமான பகுதி. வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு அங்கே ஒரு வசதியும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. அவர் எந்த ஊர்க் கட்சியையும் சேர்ந்தவர் அல்லர். தோற்றால் அவருக்காகப் பேச எந்த ஊரும் வராது.

1973 போட்டி எர்ணாகுளத்தில், மகாராஜா கல்லூரி மைதானத்தில் நடந்தது. அணித்தலைவர் ஃபாக்ட் வீரர் டி.கே.எஸ். மணி. அணியில் டி.ஏ. ஜாஃபர், கோல்காப்பாளர் விக்டர் மஞ்ஞிலா, கொல்லத்து நஜிமுதீன் முதலியோர் இருந்தார்கள்.

நஜிமுதீனின் ஊரான கொல்லம் திருநெல்வேலிப் பகுதி வாசகர்களுக்கு அந்நியமல்ல. திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களில் பந்து உதைக்கும் மாணவருக்குத் தேசியத் தரத்திலான கால்பந்து மிக அருகில் இருந்தது மலைக்கு அந்தப் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்து அணியைப் பயிற்றுவித்தவர் ஒரு தமிழர் என்பதை நம் பாடநூல்கள் எதிலும் காண முடியாது.

டிசம்பர் 27 அன்று இறுதி ஆட்டம். எதிரணி ரயில்வே. நாடெங்குமிருந்து ஆளெடுக்க முடிந்த அணி. அதற்குள் மூன்று முறை கோப்பையை வென்றிருந்தது. கேரளம் 3–2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் மணி. அன்றிலிருந்து அவர் ‘கேப்டன் மணி’ ஆனார். 2017இல் மறையும்வரை அந்தப் பெயரே நிலைத்தது.

இது நியாயமானதுதான். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவரை ஊர் கொண்டாடாமல் யாரைக் கொண்டாடும்? ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் வெளிச்சத்தில் சைமன் சுந்தரராஜ் புகைப்பட ஓரத்து மனிதராகிவிட்டார். அரசும் அப்படித்தான் நடந்துகொண்டது. சிறந்த வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் தொடங்கியது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது வர மேலும் 24 ஆண்டுகள், 1985வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் அதை முதன்முதலில் பெற்றது 1990இல். அவர் சையது நயீமுதீன். ரஹீமுக்கே பரவலான கவனம் கிடைக்க 2024இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு

முதல் கோப்பைக்கும் இரண்டாம் கோப்பைக்கும் இடையில் கேரளம் நெடுங்காலம் காத்திருந்தது. 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றது. கடைசியில் 1992இல் வென்றது, அதுவும் தமிழ்நாட்டில். கோயம்புத்தூரில் நடந்த இறுதியில் வி.பி. சத்யன் தலைமையிலான கேரளம் கோவாவை 3–0 என்று வீழ்த்தியது. அந்த அணியின் பயிற்சியாளர் டி.ஏ. ஜாஃபர். 1973இல் சைமன் சுந்தரராஜின் அணியில் ஆடிய அதே ஜாஃபர். அடுத்த ஆண்டும் அவர் பயிற்சியில் கேரளம் கோப்பையைத் தக்கவைத்தது.

ரஹீமிடம் ஆடிய சைமன் சுந்தரராஜ், அவரிடம் ஆடிய ஜாஃபர் என்று இந்தச் சங்கிலி நீள்கிறது. எந்த உத்தி யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. பயிற்சி அப்படிக் கைமாறும் பொருளுமல்ல. ஆனால் கேரளத்தின் முதல் மூன்று கோப்பைகளையும் வென்ற இரு பயிற்சியாளர்களும் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் என்பது வெறும் தற்செயல் என்று இக்கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

2022 நிலவரப்படி கேரளம் ஏழு முறை சந்தோஷ் கோப்பையை வென்றிருக்கிறது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. ஆடவர் அணிக்குச் சந்தோஷ் கோப்பை இன்னும் கிடைக்கவில்லை.